மானிடவியல் படிச்சிட்டு நுகர்வோர் ஆய்வு வேலை: வேலூர்ப் பக்கம் எங்கிருந்து தொடங்கலாம்?

#1 காட்பாடி_மாணவி

எல்லாருக்கும் வணக்கம். எம்.ஏ. மானிடவியல், கடைசி செமஸ்டர். ஜனங்க ஒரு பொருளை எப்படி வாங்குறாங்க, வீட்டுக்குள்ள அது என்ன ஆகுதுன்னு களத்துல போய்ப் பார்க்கிற வேலைக்குத்தான் விருப்பம். விண்ணப்பிக்கும்போது எல்லா இடத்திலும் "நீங்க தனியா செஞ்ச ஒரு ஆய்வைக் காட்டுங்க"ன்னு கேக்கறாங்க. வேலூர், ராணிப்பேட்டை, திருப்பத்தூர் மூணு மாவட்டத்துக்குள்ள, பெரிய செலவில்லாம செய்யணும். ரெண்டு யோசனை இருக்கு.

ஒண்ணு, பீடி சுத்தற வீடுகள்ல ஷாம்பு, சோப்பு, எண்ணெய் வாங்குற முறை. இன்னொண்ணு, சி.எம்.சி. மருத்துவமனைக்கு வர்ற வங்காளக் குடும்பங்க லாட்ஜ்ல சமைச்சுச் சாப்பிடறது.

எதை எடுக்கலாம்? எப்படிச் செய்யணும்? எங்க சறுக்கும்? வேலையை எந்தப் பேர்ல தேடணும்?

#2 களக்குறிப்பு

வேலைப் பெயரை முதலில் சொல்லிவிடுகிறேன். "மானிடவியலாளர்" என்று தேடினால் இந்திய மானிடவியல் ஆய்வகம், அருங்காட்சியகம், கல்லூரி இவைதான் வரும். நீங்கள் தேட வேண்டியது குவாலிடேட்டிவ் ரிசர்ச் எக்ஸிக்யூட்டிவ், கன்ஸ்யூமர் இன்சைட்ஸ், டிசைன் ரிசர்ச்சர், யூஎக்ஸ் ரிசர்ச்சர் (செயலியையோ கருவியையோ மக்கள் எப்படிப் பயன்படுத்துகிறார்கள் என்று ஆராய்பவர்). முதல் இரண்டும் சந்தை ஆய்வு நிறுவனங்களிலும் சோப்பு, பிஸ்கட், எண்ணெய் கம்பெனிகளிலும் இருக்கும். பின்னிரண்டும் செயலி, வங்கி, மருத்துவக் கருவி செய்கிற இடங்களில். வேலூரில் இருந்தபடி சென்னை, பெங்களூர் இரண்டு பக்கமும் களப்பணிக்குப் போய்வர முடியும் என்பது உங்களுக்குச் சாதகம். தமிழோடு கொஞ்சம் உருதோ தெலுங்கோ பேச வந்தால் அதை விண்ணப்பத்தின் முதல் பத்தியிலேயே எழுதுங்கள்.

இனி வேலை எப்படி நடக்கும் என்பது. கம்பெனி ஒரு பிரீஃப், அதாவது எதைக் கண்டறிய வேண்டும் என்ற குறிப்பு தரும். பெரும்பாலும் அது "விற்பனை ஏன் குறைந்தது" என்ற மாதிரி இருக்கும். அதை அப்படியே வீட்டுக்குள் கொண்டுபோய்க் கேட்க முடியாது. பார்க்கக்கூடிய கேள்வியாக அதை உடைப்பதுதான் உங்கள் முதல் வேலை: யார் வாங்குகிறார், யார் காசு, எந்த நாள், வீட்டில் எங்கே வைக்கிறார்கள், தீர்ந்ததும் என்ன செய்கிறார்கள். அடுத்து ஸ்கிரீனர், அதாவது எந்த வீடு வேண்டும் என்ற வடிகட்டும் கேள்வித்தாள். பிறகு ஆள் சேர்ப்பு, வீட்டு வருகை, அன்று மாலையே குழுப் பேச்சு, கடைசியில் அறிக்கை. வழக்கமான திட்டத்தில் இரண்டு ஊர், 8 முதல் 12 வீடு, வீட்டுக்கு 2 முதல் 3 மணி நேரம். ஒரு நாளைக்கு இரண்டு வீட்டுக்கு மேல் ஒத்துக்கொள்ளாதீர்கள். மூன்றாவது வீட்டில் உங்கள் கண் எதையும் பார்க்காது, வாய் மட்டும் கேள்வித்தாளை வாசித்துக்கொண்டிருக்கும்.

அதிகமாகக் கெடுவது ஆள் கூட்டத்தால். கம்பெனிக்காரர், ஏஜென்சிக்காரர், கேமரா, ஆள் சேர்த்துவிட்டவர் என்று நாலு பேர் போய் நின்றால் அது விருந்தாளி வருகை ஆகிவிடும். பக்கத்து வீட்டிலிருந்து பிளாஸ்டிக் நாற்காலி வரும், கலர் வரும், குளியலறையில் தேய்ந்த சோப்புக்குப் பதில் புது சோப்பு வந்து உட்காரும். இரண்டு பேர் போதும், அதில் ஒருவர் கட்டாயம் பெண்ணாக இருக்க வேண்டும். அவர்கள் தரையில் உட்கார்ந்தால் நீங்களும் தரையில் உட்காருங்கள்.

"ஏன் இதை வாங்குறீங்க" என்று கேட்டால் "நல்லா இருக்கும்" என்ற ஒரே பதில்தான். அதற்குப் பதிலாக: "போன தடவை வாங்கினதை எடுத்துக் காட்டுங்க", "யார் கடைக்குப் போனாங்க", "எவ்ளோ காசு குடுத்து விட்டீங்க", "மீதி என்ன ஆச்சு". நான்காவது கேள்வியில்தான் பேச்சு திறக்கும்.

#3 குடியாத்தம்_ஏஜென்சி

நான் ஸ்டாக்கிஸ்ட், அதாவது கம்பெனி சரக்கை எடுத்துக் கடைகளுக்குக் குடுக்கற மொத்த வியாபாரி பக்கத்துலேருந்து சொல்றேன். வீட்டை மட்டும் பார்த்தா பாதி கதைதான் கிடைக்கும்.

பொருள் கம்பெனியிலேருந்து எங்களுக்கு வரும். எங்க சேல்ஸ்மேன் பீட் போட்டு, இந்தத் தெரு இந்தக் கிழமைன்னு வாரத்துக்கு ஒரு தடவை கடைக்குப் போவார். எந்த ஐட்டத்துக்கு ஸ்கீம் ஓடுதோ, அதாவது டஜன் எடுத்தா ஒண்ணு ஃப்ரீ மாதிரி, அந்தப் பாக்கெட் சரத்தை கடைக்காரர் கைக்கெட்டுற தூரத்துல முன்னாடி தொங்கவிடுவார். மத்தது பின்னாடி போயிரும். சாயங்காலம் வர்ற பாதிப் பேர் சின்னப் பசங்க. பேரைச் சொல்ல மாட்டாங்க, "பச்ச ஷாம்பு ரெண்டு"ன்னுதான் சொல்வாங்க. முன்னாடி தொங்குற பச்சையைக் கிழிச்சுக் குடுத்துருவாங்க. வீட்டுக்கு வந்து கேக்கறவங்க "இந்த அம்மா பிராண்ட் மாத்திட்டாங்க"ன்னு எழுதிக்கிட்டுப் போறாங்க. அந்த அம்மாவுக்கு மாறினதே தெரியாது.

இன்னொண்ணு, சேல்ஸ்மேன் ஒரு வாரம் வரலைன்னா சரக்கு தீர்ந்துரும். அந்த வாரம் களத்துக்குப் போனா உங்க கணக்கே தப்பாயிடும். அதனால வீட்டுக்குப் போறதுக்கு முன்னாடி அந்தத் தெருவோட ரெண்டு மூணு மளிகைக் கடையில நின்னு பாருங்க. காலைல 6 லேருந்து 9, சாயங்காலம் 6 லேருந்து 9. ஒரு பேப்பர்ல கோடு போட்டு இவ்ளோ எழுதினா போதும்: மணி, வந்தவர் யாரு (ஆம்பளை, பொம்பளை, பசங்க, சுமார் வயசு), எப்படிக் கேட்டாங்க (பேரு, நிறம், "பத்து ரூபா சோப்பு"ன்னு விலை), கேட்டது குடுத்தாரா வேற குடுத்தாரா, காசா, யூபிஐயா, நோட்டுல கணக்கா. கடைக்காரர்கிட்ட முன்னாடியே சொல்லிட்டு நில்லுங்க. சொல்லாம நின்னா வரி ஆபீஸ்லேருந்து வந்திருக்காங்கன்னு நெனச்சு கணக்கு நோட்டை உள்ள வெச்சுருவார்.

#4 ஆரணிச்சாலை_ஆசிரியை

களக்குறிப்பு சொன்ன நடைமுறை சரி. ஆனால் அதை இனவரைவியல் (எத்னோகிராஃபி, மக்களோடு நீண்டகாலம் தங்கிப் பார்த்து எழுதுவது) என்று அழைப்பதில் எனக்கு உடன்பாடில்லை. மானிடவியலாளர் மலினோவ்ஸ்கி 1915 முதல் 1918 வரை இரண்டு தவணையாக நியூ கினியா அருகே டிரோபிரியாண்ட் தீவுகளில் தங்கினார். அந்த மொழியில் பேசி, அவர்கள் சங்குமாலையும் கைவளையும் மாற்றிக்கொள்வதைத் திரும்பத் திரும்பப் பார்த்த பிறகே எழுதினார். மூன்று மணி நேரம் போய் வருவது நல்ல வீட்டு நேர்காணல், அவ்வளவே. அறிக்கையிலும் அப்படியே எழுதுவது நேர்மை.

நம் மாவட்டத்துக்கே நல்ல முன்மாதிரி இருக்கிறது. 1973-74ல் கேம்பிரிட்ஜ், சென்னைப் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் பழைய வட ஆற்காடு மாவட்டக் கிராமங்களில் புதிய நெல் ரகங்கள் என்ன மாற்றம் செய்கின்றன என்று ஆராய்ந்தார்கள். அதில் இருந்த பார்பரா ஹாரிஸ் ஒயிட் 1973ல் ஆரணியின் வியாபாரத்தைக் கணக்கெடுத்தார். அதோடு நிற்காமல் அதே ஆரணிக்குப் பல பத்தாண்டுகளுக்குத் திரும்பத் திரும்ப வந்தார். அரிசி ஆலை, பட்டு, நகைக்கடை, கூலி எல்லாம் எப்படி உருமாறின என்பது அதனால்தான் தெரிகிறது. அவர் ஒருமுறை மட்டும் வந்திருந்தால் 1973ன் ஒரு புகைப்படம் மட்டுமே மிஞ்சியிருக்கும்.

மாணவிக்கு என் யோசனை: 12 வீட்டுக்கு ஒருமுறை போவதைவிட 4 வீட்டுக்கு மூன்று முறை போங்கள். பீடி வீடு என்றால் கூலி வாங்கிய மறுநாள், வாரத்தின் நடுவில், கூலிக்கு முந்தைய நாள் என்று. மூன்றும் ஒரே வீடு மாதிரியே இருக்காது.

#5 காட்பாடி_மாணவி

மேடம், மூணு தடவை போறது நல்லா இருக்கு. பீடி வீட்டோட வாரத்தை எப்படிப் புரிஞ்சுக்கறது? அவங்க வேலை செய்யற நேரத்துல போய் உட்கார்ந்தா கூலி கெடாதா?

#6 பேர்ணாம்பட்டு_632

கெடும். அதுதான் முதல்ல நினைவில இருக்கணும். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவுன்னு கூலி. உங்களுக்குப் பதில் சொல்லத் தலை தூக்குற ஒவ்வொரு தடவையும் கை நிக்கும். அதனால கேள்வி கேக்காம பக்கத்துல உட்கார்ந்து பாருங்க. பேச்சு வரும்போது வரட்டும்.

வேலை இப்படித்தான். ஏஜென்ட் இலை, தூள், நூல் தருவார். இலையை ஈரப்படுத்தி வெச்சு, தகட்டு அளவை மேல வெச்சுக் கத்திரியால வெட்டுவாங்க. மடியில முறம், முறத்துல தூள். இலையில தூளை வெச்சுச் சுருட்டி, வாயை மடிச்சுக் குத்தி, நூல் கட்டி, கட்டுக் கட்டா அடுக்குவாங்க. குடுத்த இலை பத்தலைன்னா சொந்தக் காசுல வெளியில வாங்கணும். ஏஜென்ட் பீடியை எடுக்கும்போது சரியில்லைன்னு கழிச்சுப் போடறதுக்குக் கூலி இல்லை. வாரக் கடைசியில கணக்கு. ஆக, கையில வர்ற காசு எவ்வளவுன்னு அந்த அம்மாவுக்கே கணக்குப் பார்க்கிற வரை தெரியாது. இப்படி வீட்டுல மாசத்துக்கு ஒரு பெரிய ஷாம்பு பாட்டில் ஏன் வாங்கலைன்னு கேட்கிறது அர்த்தமில்லாத கேள்வி. சரத்துலேருந்து கிழிச்சு வாங்குறது அந்த வாரத்தோட அளவுக்குச் சரியா இருக்கு.

கண்ணால பார்க்க வேண்டிய ஒண்ணு சொல்றேன். புகையிலைத் தூள் வாடை விரல்லேருந்து சீக்கிரம் போகாது. சோறு பிசையறதுக்கு முன்னாடி, குழந்தையைத் தூக்கறதுக்கு முன்னாடி எதால கை கழுவறாங்கன்னு பாருங்க. குளியல் சோப்பா, துணி சோப்பா, பாத்திரப் பவுடரா, எலுமிச்சைத் தோலா. எத்தனை தடவை, எந்தச் சோப்பு டப்பாவுலேருந்து. சோப்பு ஏன் சீக்கிரம் தேயுதுன்னு கேள்வித்தாள்ல வராது, அந்தத் தொட்டிக்கிட்ட நின்னாத்தான் தெரியும்.

ஷாம்பு பாக்கெட்டையும் பாருங்க. ஒரு ஓரத்தை மட்டும் சின்னதா கிழிச்சு, பாதியை ஊத்திட்டு, மேல மடிச்சு, துணிக் கிளிப்பு போட்டு ஜன்னல் கம்பியில மாட்டி வெச்சிருப்பாங்க. கம்பெனிக்கு அது ஒரு தடவை பாக்கெட். அங்க அது ரெண்டு தலைக்கு.

#7 ஆள்சேர்ப்பு_ராணிப்பேட்டை

வீடு தேர்ந்தெடுக்கிற விஷயத்துல யாரும் சொல்லாத ஒண்ணு. ஏஜென்சிகள் வீட்டைத் தரம் பிரிக்க என்சிசிஎஸ்னு ஒரு முறை வெச்சிருக்காங்க, 2011லேருந்து. ரெண்டே கேள்விதான்: வீட்டுச் செலவுக்கு அதிகமா சம்பாதிக்கிறவர் என்ன படிச்சிருக்கார், 11 பொருள்ல எத்தனை இருக்கு. மின் இணைப்பு, சீலிங் ஃபேன், கேஸ் அடுப்பு, ஃப்ரிட்ஜ், டூவீலர், வாஷிங் மெஷின், கலர் டிவி, கம்ப்யூட்டர் அல்லது லேப்டாப், கார், ஏசி, விவசாய நிலம். ஏ1லேருந்து இ3 வரை 12 படி.

தமிழ்நாட்டுல இதுல ஒரு ஓட்டை. 2006க்குப் பிறகு அரசாங்கமே கலர் டிவி குடுத்துச்சு. 2011க்குப் பிறகு பிளஸ் டூ பசங்களுக்கு லேப்டாப் குடுத்துச்சு. பட்டியல்ல ரெண்டும் எண்ணிக்கையில சேரும். கூலி வேலை செய்யற வீடு காகிதத்துல ஒரு படி மேல ஏறிடும். மிக்சியும் கிரைண்டரும் பட்டியல்லயே இல்லை. இலவசமா வந்த ஃபேன் மேஜை ஃபேன், அதுவும் சேராது. அதனால பொருளை எண்ணும்போது பக்கத்துல இன்னொரு கட்டம் போடுங்க: வாங்கினதா, அரசு குடுத்ததா, சீர்ல வந்ததா, இப்ப ஓடுதா. ஓடாத டிவி மேல துணி போட்டு சாமி படம் வெச்சிருக்கிற வீடும் பட்டியல்ல டிவி வீடுதான்.

ஆள் சேர்க்கிற வழியிலயும் கவனம் வேணும். மகளிர் குழுத் தலைவி மூலமா போனா வேகமா கிடைக்கும். ஆனா எல்லாரும் ஒரே குழு, பாதிப் பேர் சொந்தக்காரங்க, எல்லாரும் ஒரே கடை. ஒரு தலைவி மூலமா ஒரு வீட்டுக்கு மேல எடுக்காதீங்க. வண்டி போகிற தெருவுலேயே எல்லா வீட்டையும் எடுக்கிறதும் இன்னொரு தப்பு. ஊர்த் தெருவையும் காலனியையும் சேர்த்து எடுக்கலைன்னா அந்த ஆய்வு அந்த ஊரோட ஆய்வே இல்லை. கடந்த ஆறு மாசத்துல வேற ஆய்வுல கலந்துக்கிட்டவங்க, விளம்பரம், பத்திரிகை, சந்தை ஆய்வுல வேலை செய்யறவங்க வீடு, இதையெல்லாம் விட்டுருங்க.

ஆம்பூர், வாணியம்பாடி, பேர்ணாம்பட்டுல முஸ்லிம் வீடுகளுக்கு ஆண் ஆய்வாளரை அனுப்பினா வாசலோட முடிஞ்சுரும். வெள்ளிக்கிழமை மதியம் நேரம் வாங்காதீங்க. ரம்ஜான் மாசத்துல சமையல், கடை, தூக்கம் எல்லா நேரமும் மாறும். சாதாரண மாசத்தைப் பத்தின ஆய்வுன்னா அந்த மாசத்தைத் தவிருங்க.

#8 களக்குறிப்பு

ஆசிரியை மேடத்தின் கருத்தை ஏற்கிறேன், மூன்று முறை போவது மேல். ஆனால் ஏஜென்சியில் அந்த நேரம் தரமாட்டார்கள். அங்கே மூன்றாவது வருகைக்குப் பதிலாக இரண்டு கருவி உண்டு, இரண்டும் மாணவிக்கும் உதவும்.

ஒன்று காலிப் பாக்கெட் பை. வீட்டில் ஒரு பெரிய கவரைக் கொடுத்து, 7 நாளைக்கு எல்லாக் காலிப் பாக்கெட்டையும் அதில் போடச் சொல்லுங்கள். எட்டாம் நாள் தரையில் கொட்டி அவர்களோடு உட்கார்ந்து பிரியுங்கள். "வாரத்துக்கு ரெண்டு ஷாம்பு" என்று சொன்ன வீட்டில் ஐந்து இருக்கும், இல்லையென்றால் பிஸ்கட் பாக்கெட் குவிந்திருக்கும். அதைப் பார்த்து "ஐயோ இவ்ளோவா" என்று அவர்களே பேச ஆரம்பிப்பார்கள். அப்போது ரெக்கார்டர் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

மற்றொன்று கணக்கு நோட்டு. அடுக்களைச் சுவரில் பென்சில் கட்டித் தொங்கவிடுவது. என்ன, எவ்வளவு, யார் போனது. இது கெடுவது ஒரே விதத்தில்: கடைசி நாள் ஒரே உட்காரலில் ஒரே பேனாவில் ஏழு நாளும் நிரப்பப்பட்டிருக்கும். இரண்டு நாளுக்கு ஒருமுறை அந்தப் பக்கத்தை வாட்ஸ்அப்பில் படம் எடுத்து அனுப்பச் சொன்னால் இது நடக்காது. படிக்கிற பிள்ளை இருந்தால் அந்தப் பிள்ளையிடம் நோட்டை ஒப்படைக்கலாம், ஆனால் பெற்றோரின் ஒப்புதலோடு.

#9 தோட்டப்பாளையம்

லாட்ஜ் யோசனையைப் பத்தி யாரும் பேசலையே. காந்தி ரோடு, பாபு ராவ் தெரு பக்கம் போனா வங்காள எழுத்துல போர்டு, அடுப்பும் பாத்திரமும் சேர்த்து வாடகைக்கு விடற ரூம், மளிகைக் கடையில கடுகு எண்ணெய், பொரி, அவங்க ஊர் மசாலா. மேற்கு வங்காளம், ஜார்க்கண்ட், வடகிழக்கு மாநிலங்கள், வங்கதேசம்னு ஜனங்க வர்றாங்க. ஒரு தமிழ் ஊர் இன்னொரு ஊரோட சமையலறைக்கு ஏத்த மாதிரி மாறி நிக்குது. பீடி வீட்டை விட இது புதுசா இருக்குமே?

#10 ஆரணிச்சாலை_ஆசிரியை

பொருள் வளமானது, மறுக்கவில்லை. ஆனால் அங்கே வருபவர்கள் நோயாளியின் கூடவே வந்தவர்கள். அடுத்த பரிசோதனை முடிவு என்னவாகும், கையிருப்பு எத்தனை நாள் வரும் என்ற கவலையில் இருப்பவர்கள். "என்ன எண்ணெய் ஊற்றிச் சமைக்கிறீர்கள்" என்று ஒரு மாணவி கேட்டால், மருத்துவமனையிலிருந்து வந்திருக்கிறாள் என்று நினைத்துப் பதில் சொல்வார்கள். மறுத்தால் சிகிச்சைக்குப் பாதகம் வருமோ என்ற பயத்தில் கிடைக்கும் சம்மதம் சம்மதமே ஆகாது. மருத்துவமனை வளாகத்துக்குள் எந்த ஆய்வுக்கும் நெறிமுறைக் குழு அனுமதி வேண்டும். அதற்கு வெளியே வரிசையிலோ வாசலிலோ நிறுத்திக் கேட்பது அனுமதியைத் தவிர்க்கும் குறுக்கு வழிதான்.

அதே தெருவில் இன்னொரு கதவு திறந்திருக்கிறது: கடைக்காரர்கள். கடுகு எண்ணெயை முதலில் யார் கேட்டு வரவழைத்தார், எந்த அளவில் விற்கிறது, சின்ன பாட்டிலா லிட்டரா? சில வாரமே தங்குபவருக்கு எதைச் சில்லறையாகப் பிரித்துக் கொடுக்கிறார்கள்? ஊருக்குத் திரும்பும்போது மிச்சமான அரிசி, ஸ்டவ், பாத்திரம் என்ன ஆகிறது, அடுத்து வருபவருக்கு விற்கிறார்களா, லாட்ஜிலேயே விட்டுச் செல்கிறார்களா? கடைக்காரர் எத்தனை வங்காளச் சொல் கற்றிருக்கிறார், எதை எண்ணிக் காட்டுகிறார், எதைக் கையால் காட்டுகிறார்? இவை எல்லாம் நோயாளியைத் தொடாமலே கிடைக்கும். மானிடவியலாளர் மேரி டக்ளஸ் 1979ல் பொருளாதார அறிஞர் ஒருவரோடு சேர்ந்து எழுதியபோது முன்வைத்த வாதம் இங்கே நன்றாகப் பொருந்தும்: பொருள்கள் தேவையைத் தீர்ப்பதோடு, நாம் யார், யாரோடு சேர்ந்தவர் என்பதையும் நிலைநிறுத்துகின்றன. ஊரை விட்டுத் தொலைவில் இருப்பவருக்கு அந்த எண்ணெயின் மணம் அதைச் செய்கிறது.

#11 சத்துவாச்சாரி_யூஎக்ஸ்

செயலி பக்கம் போற எண்ணம் இருந்தா அதுக்கும் இதே முறைதான். இந்தத் துறைக்கு மானிடவியல் வந்ததே ஜெராக்ஸ் கம்பெனி மூலமா. மானிடவியல் படிச்ச லூசி சச்மன் அங்க நகல் எடுக்கிற மெஷினை ஜனங்க எப்படிப் பயன்படுத்தறாங்கன்னு வீடியோ எடுத்தாங்க. பெரிய கணினி விஞ்ஞானிகளே ரெண்டு பக்கம் நகல் எடுக்கத் தடுமாறினாங்க. அதனாலதான் பெரிய பச்சை பட்டன் வெச்சாங்கன்னு சொல்வாங்க. அப்புறம் இன்டெல் 1998ல மானிடவியலாளர் ஜெனிவீவ் பெல்லை வேலைக்கு எடுத்துச்சு.

வேலூர்ல பார்க்க நல்ல இடம் டீக்கடை யூபிஐ ஒலிப்பெட்டி. நெட்வொர்க் இழுக்கிற காலை நேரத்துல நில்லுங்க. வாடிக்கையாளர் போன்ல டிக் வந்துருச்சுன்னு திருப்பிக் காட்டுவார். பெட்டி பேசற வரைக்கும் கடைக்காரர் பார்சலை விடமாட்டார். தெரிஞ்ச முகம்னா காட்டாமலே விட்டுருவார். அந்தச் சில விநாடியில யார் யாரை நம்பறாங்கன்னு தெரியும். இன்னொண்ணு, யூபிஐ வந்தபிறகு சில்லறைக்குப் பதிலா குடுக்கிற மிட்டாய் என்ன ஆச்சுன்னும் பாருங்க.

#12 ஆரணிச்சாலை_ஆசிரியை

பச்சை பட்டன் கதை தலைகீழாகப் பரவிவிட்டது, நேர்முகத் தேர்வில் சொல்லிவிடாதீர்கள். பச்சை பட்டன் ஏற்கெனவே இருந்தது. அதை அழுத்தினால் போதும் என்று விளம்பரமும் செய்தார்கள். எந்தப் பொறியும் தன்னைத்தானே விளக்கிவிடாது, பழகுவதற்கு மனிதர்கள் வேலை செய்ய வேண்டியிருக்கிறது என்பதே சச்மன் காட்டியது. மானிடவியல் முதன்முதலில் தொழிற்சாலைக்குப் போனதும் அங்கே இல்லை. மானிடவியலாளர் லாயிட் வார்னர் 1930களின் தொடக்கத்திலேயே அமெரிக்காவின் ஹாதார்ன் தொழிற்சாலையில் தொழிலாளர்களைப் பற்றி நடந்த ஆய்வுக்கு ஆலோசனை சொன்னார். 1946ல் சிகாகோவில் சோஷியல் ரிசர்ச் நிறுவனத்தைத் தொடங்கியவர்களில் அவரும் ஒருவர். வாங்குபவரின் சமூகப் படியையும் பொருளுக்கு அவர் தரும் அர்த்தத்தையும் கம்பெனிகளுக்காக ஆராய்ந்த நிறுவனம் அது.

#13 குடியாத்தம்_ஏஜென்சி

தீபாவளி சீட்டை விட்டுட்டீங்க. நம்ம பக்கத்துல அதைத் தெரியாம வாங்கறதைப் பத்தி எழுதவே கூடாது.

மாசாமாசம் ஒரு தொகை, ஒரு வருஷத்துக்குக் கட்டுவாங்க. தீபாவளிக்கு முன்னாடி பட்டாசு, ஸ்வீட், மளிகை, எண்ணெய், பாத்திரம், சில சீட்டுல தங்கக் காசு. பணம் வசூல் பண்றது பெரும்பாலும் அதே தெருவுல இருக்கிற தெரிஞ்ச அம்மா. ஆக, அக்டோபர்ல வீட்டுல இருக்கிற எண்ணெய் டின் என்ன பிராண்டுங்கறதை அந்த வீடு முடிவு பண்ணல. சீட்டு நடத்துறவர் மொத்தமா எங்க மாதிரி ஆள்கிட்ட விலை பேசி எடுத்ததுதான் அது. தீபாவளி சமயத்துல வந்து "ஏன் இந்த எண்ணெயைத் தேர்ந்தெடுத்தீங்க"ன்னு கேட்டா அவங்க என்ன சொல்வாங்க? மரியாதைக்கு ஏதோ ஒரு காரணம் சொல்வாங்க. அது அறிக்கையில ஏறும்.

சீட்டு ஏமாந்த தெருவும் இருக்கு. அங்க போனா அடுத்த வருஷம் ஜனங்க சின்னச் சின்னதா கடையிலேயே வாங்கறது கூடியிருக்கும். காரணம் கேக்காதீங்க. வசூல் பண்ணின அம்மா பக்கத்து வீட்டுலதான் இருப்பாங்க, பேச்சு போலீஸ் வரை போயிருக்கும். அவங்களாச் சொன்னா கேளுங்க, பேரை எழுதாதீங்க.

#14 பேர்ணாம்பட்டு_632

சீட்டு கட்டறது யார் காசுங்கறதையும் பிரிச்சுப் பாருங்க. பீடிக் கூலி அந்த அம்மா கையில வரும், சீட்டு அதுலேருந்து போகும். ஆம்பூர்ப் பக்கம் ஷூ கம்பெனிக்குப் போற பொண்ணுன்னா சம்பளம் மாசத்துக்கு ஒரு தடவை பேங்க்ல விழும், ஏடிஎம் கார்டு யார்கிட்ட இருக்குங்கறது வேற கேள்வி. அதை நேராக் கேக்க முடியாது. "கடைசியா பணம் எடுக்க யார் போனாங்க"ன்னு கேளுங்க. ரெண்டு வீட்டுலயும் ஒரே ஷாம்பு இருக்கலாம், வர்ற வழி வேற.

#15 காட்பாடி_மாணவி

ரொம்ப நன்றி எல்லாருக்கும். பீடி வீட்டையே எடுக்கிறேன், 4 வீடு, மூணு வருகை, ரெண்டு கடை. லாட்ஜ் தெருவைக் கடைக்காரங்க பக்கத்துலேருந்து பின்னாடி செய்யறேன். குறிப்பு எழுதறதும் கடைசியில காட்டற வடிவமும் எப்படி இருக்கணும்? காசு குடுக்கணுமா?

#16 களக்குறிப்பு

குறிப்பு: வீட்டில் இருக்கும்போது துண்டுச் சொற்கள் மட்டும். அன்று இரவு தூங்குவதற்கு முன் முழுதாக எழுத வேண்டும், மறுநாள் என்றால் பாதி கரைந்துவிடும். பக்கத்தை மூன்றாகப் பிரியுங்கள்: பார்த்தது, அவர்கள் சொன்னது, எனக்குத் தோன்றியது. மூன்றாவதை முதலிரண்டோடு கலந்துவிட்டால் ஒரு மாதம் கழித்து எது எதுவென்று உங்களுக்கே தெரியாது. அவர்கள் பேசியதை அவர்கள் பேசியபடியே எழுதுங்கள், மேடைத் தமிழாக்காதீர்கள்.

ஒரு மணி நேர ஒலியை எழுத்தாக்க 4 முதல் 6 மணி நேரம் பிடிக்கும். நேரத் திட்டத்தில் இதை மறப்பவர்கள்தான் கடைசி வாரம் திணறுகிறார்கள். தானாக எழுத்தாக்கும் செயலிகள் வேலூர்ப் பேச்சிலும், தமிழும் உருதும் கலந்த பேச்சிலும் நிறையத் தவறு செய்யும். போனை ஃபேனுக்கு நேர்கீழே வைக்காதீர்கள், ஒரு துணி மடிப்பின் மேல் வையுங்கள். இரண்டு கருவியில் பதிவு செய்யுங்கள்.

படம்: அலமாரி, குளியலறை மாடம், ஃப்ரிட்ஜ் கதவு. நுழைந்த உடனே, அவர்கள் ஒதுங்க வைப்பதற்கு முன் அனுமதி கேட்டு எடுங்கள். முகம் வேண்டாம். பூஜை அறைக்கும் அடுக்களைக்கும் தனித்தனியாக அனுமதி கேளுங்கள். வாசலில் கிடைத்த அனுமதி அங்கே செல்லாது.

அன்பளிப்பு கொடுங்கள், உங்களால் முடிந்த தொகை, எல்லா வீட்டுக்கும் ஒரே அளவு. பாதியில் நிறுத்தச் சொன்னாலும் முழுதாகக் கொடுங்கள். பீடி வீட்டில் அது உங்களால் நின்ற கைவேலைக்கு ஈடாக இருக்க வேண்டும். ஆய்வு செய்கிற பொருளையே பரிசாகக் கொடுக்காதீர்கள், அடுத்த வருகையில் அதைத்தான் எடுத்துக் காட்டுவார்கள்.

காட்டும் வடிவம் 8 முதல் 10 பக்கம் போதும். முதல் பக்கத்தில் கேள்வி, எத்தனை வீடு, எந்த நாள்கள், என்ன செய்யவில்லை. அடுத்து ஒரு வீட்டின் ஒரு வாரம்: காசு வந்த நாள், கடைக்குப் போன நேரம், காலிப் பாக்கெட் எண்ணிக்கை, எல்லாம் ஒரே கோட்டில். பிறகு இரண்டு அல்லது மூன்று கண்டுபிடிப்பு. ஒவ்வொன்றுக்கும் எந்த வீட்டில், எந்த வருகையில் பார்த்தது என்று குறியுங்கள். கடைசியில் கம்பெனி மாற்றக்கூடிய ஒரே ஒரு விஷயம். 4 வீட்டை வைத்து "வேலூர்ப் பெண்கள்" என்று எழுதினால் அனுபவமுள்ளவர் அங்கேயே மூடிவைத்துவிடுவார்.

#17 குடியாத்தம்_ஏஜென்சி

அந்த ஒரே விஷயத்துக்கு ஒரு துப்பு தர்றேன். பையன் கையில குடுத்து விடற காசு என்னவோ அதுக்குள்ளதான் பாக்கெட் நிக்கணும். கடலூர்லேருந்து சின்னி கிருஷ்ணன் காலத்துல ஷாம்பு பாக்கெட் கெளம்பினதுலேருந்து இதுதான். செலவு ஏறினா கம்பெனி 1, 2, 5, 10 ரூபாயை மாத்தாது, கிராமைக் குறைக்கும். 2025 செப்டம்பர் 22லேருந்து ஷாம்பு, சோப்பு, பிஸ்கட்டுக்கெல்லாம் ஜிஎஸ்டி 18லேருந்து 5 சதவீதமாச்சு. அப்பவும் சின்ன பாக்கெட்டுல நாலரை ரூபான்னு அச்சடிக்கிறதை விட எடையைக் கூட்டறதைத்தான் பல கம்பெனி விரும்பிச்சு. அரை ரூபாயை யார் திருப்பித் தர்றது? ஆக, பாக்கெட் விலையை எழுதும்போது பின்பக்கம் இருக்கிற எடையையும் தயாரிப்பு மாசத்தையும் சேர்த்து எழுதுங்க. ஒரே பேர், ஒரே விலை, வேற எடை, ஒரே கடையிலேயே கிடைக்கும்.

#18 ஆரணிச்சாலை_ஆசிரியை

சம்மதத் தாளைத் தமிழில், ஒரு பக்கத்துக்குள் எழுதுங்கள். நான் யார், எந்தக் கல்லூரி, எதற்குக் கேட்கிறேன், எந்தக் கம்பெனியும் எனக்குப் பணம் தரவில்லை, எந்தக் கேள்விக்கும் பதில் சொல்லாமல் இருக்கலாம், எப்போது வேண்டுமானாலும் நிறுத்தலாம், ஒலிப்பதிவை யார் கேட்பார்கள், எந்தத் தேதியில் அழிப்பேன். 2023ன் தனிநபர் தரவுப் பாதுகாப்புச் சட்டமும் ஒப்புதல் தெளிவாக, குறிப்பிட்ட நோக்கத்துக்காக இருக்க வேண்டும் என்கிறது. தாளை வாசித்துக் காட்டுங்கள். கையெழுத்துப் போடத் தயங்குபவர்கள் இருப்பார்கள். கடன் பத்திரம், சீட்டுப் பத்திரம் பார்த்துப் பழகியவர்களுக்குக் கையெழுத்து என்றால் பயம் வரும். அவர்களிடம் வாய்மொழிச் சம்மதத்தை ஒலிப்பதிவின் தொடக்கத்தில் வாங்கினால் போதும். ஒரு பிரதியை வீட்டிலேயே விட்டு வாருங்கள், உங்கள் எண்ணோடு. பீடி ஏஜென்ட் பெயரைக் குறிப்பிலோ படத்திலோ எங்கும் வைக்காதீர்கள். வீடுகளுக்கு அ, ஆ, இ, ஈ என்று பெயரிட்டு, எது எந்த வீடு என்ற தாளை மற்றதோடு சேர்க்காமல் தனியாகப் பூட்டி வையுங்கள்.